கையில் அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை

வாசகி கேள்வி:

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். 11 ஆண்டுகளாக இங்கேதான் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். சொந்த ஊர் தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்கே எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது, அப்பா அதில் இருக்கிறார். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்குப் போனேன். வாக்காளர் அட்டையைக் காட்டியும் ‘லிஸ்ட்டில் பேர் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அட்டை இருந்தும் எனக்கு ஏன் ஓட்டு இல்லை? இனி ஓட்டை ஊரிலேயே வைத்துக்கொள்வதா, திருப்பூருக்கு மாற்றுவதா? அப்பாவுக்கு 86 வயது, ஞாபகமறதி அதிகம். புத்தி சுவாதீனம் இல்லாதவருக்கு ஓட்டு கிடையாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். தம்பி ஓர் அடிதடி வழக்கில் நான்கு மாதமாக ரிமாண்டில் இருக்கிறான். தீர்ப்பே வராதபோது அவனுக்கும் ஓட்டு இல்லையா? கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு வரும் மே மாதம் 18 வயது நிறைகிறது. எங்கள் குடும்பத்தில் யாருக்குத்தான் ஓட்டு உண்டு?

வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது. 18 வயது நிறைந்த எல்லா இந்தியக் குடிமக்களும் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள உரிமை உடையவர்கள் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 326-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த உரிமையை மறுப்பதற்கு அது இடம் தரும் காரணங்கள் மிகச் சில: தொகுதியில் குடியிருக்காமை, மனநலமின்மை, குற்றம், தேர்தல் ஊழல் அல்லது முறைகேடு. இந்தக் காரணங்களும்கூட, ஒரு சட்டத்தின் வழியாக, அந்தச் சட்டம் சொல்லும் நடைமுறையின்படிதான் ஒருவர் மீது செயல்பட முடியும். வெள்ளையர் ஆட்சியில் சொத்தும் வரியும் படிப்பும் இருந்தவர்களுக்கே வாக்கு என்றிருந்த ஒரு நாட்டில், எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்களையும் சேர்த்து ஒரே வீச்சில் எல்லோருக்கும் வாக்கு என்று எழுதி வைத்த பிரிவு அது. ஆகவே ‘உனக்கு ஓட்டு இல்லை’ என்று யாராவது உங்களிடம் சொன்னால், எந்தக் காரணத்தால், யார் போட்ட உத்தரவால் என்ற இரண்டு கேள்விகளையும் நீங்கள் தயங்காமல் கேட்கலாம். இவற்றை மனதில் வைத்துக்கொண்டே மேற்கொண்டு படியுங்கள்.

முதலில் அட்டை. வாக்காளர் அடையாள அட்டை நீங்கள் யார் என்பதைக் காட்டும் சான்று மட்டுமே. வாக்குரிமையைத் தருவது அதுவல்ல. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு, ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவரே அங்கு வாக்களிக்கலாம், பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறது. அதனால்தான் பட்டியலில் பெயர் இருந்து, அட்டை தொலைந்துபோன ஒருவர் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கிக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றில் ஒன்றைக் காட்டி வாக்களித்துவிட்டு வருகிறார். அட்டை பளபளவென்று கையில் இருந்தும் பெயர் இல்லாதவர் திரும்பி நடக்கிறார். வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பும் இப்படித்தான். 2019 முதல் அதை மட்டும் அடையாளச் சான்றாக ஏற்பதில்லை.

இந்த வேறுபாடு ஏதோ ஒரு தொழில்நுட்ப நுணுக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி என்பவர் தொடுத்த வழக்கில், வாக்களிப்பதும் தேர்தலில் நிற்பதும் சட்டத்தால் உண்டாக்கப்பட்ட உரிமைகள் என்றும், அந்தச் சட்டம் விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டவை என்றும் 1952-இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வாக்குச்சாவடிக்குள் சென்ற பிறகு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது கருத்துச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று பிற்காலத் தீர்ப்புகள் விரித்துரைத்திருக்கின்றன. ‘நோட்டா’ பொத்தான் 2013-இல் அந்த வழியில்தான் வந்தது. ஆனால் உள்ளே நுழையும் வாசல் இன்றைக்கும் பட்டியல்தான். முதல் பொதுத் தேர்தலின்போதே அந்த வாசலின் கண்டிப்பை நாடு பார்த்தது: தம் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய மகள்’ என்று மட்டும் எழுதிக்கொடுத்த பெண்கள் ஏறத்தாழ 28 லட்சம் பேர், பெரும்பாலும் வட மாநிலங்களில், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

இனி, அன்று அந்த மேசையில் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். வாக்குச்சாவடியில் முதல் அலுவலர் முன்னால் விரித்து வைத்திருப்பது குறியீடு செய்யப்பட்ட பட்டியல். அவர் உங்கள் வரிசை எண்ணைத் தேடிப் பிடித்து, பெயரை அங்கிருக்கும் முகவர்களின் காதில் விழும்படி உரக்கப் படித்து, பிறகே அதில் கோடிடுவார். நீங்கள் ‘பெயர் இல்லை’ என்று ஒரே வார்த்தையில் எழுதியிருப்பது மூன்று வேறு நிலைகளில் ஒன்றாக இருக்கலாம். பெயர் முழுவதும் நீக்கப்பட்டிருந்தால் அன்றைக்கு எவராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. பெயர் பட்டியலில் இருந்து, கூடவே ‘வராதோர், இடம்பெயர்ந்தோர், இறந்தோர்’ என்று தனியாகத் தயாரிக்கப்படும் துணைப் பட்டியலிலும் இருந்திருந்தால், உங்கள் அடையாளத்தைக் கூடுதல் கவனத்துடன் சரிபார்த்து, கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் பெற்றுக்கொண்டு உங்களை வாக்களிக்க விட்டிருக்க வேண்டும். அந்தத் துணைப் பட்டியலில் இருப்பது மட்டுமே மறுப்பதற்குக் காரணமாகாது. உங்கள் பெயரில் வேறு யாரோ முன்பே வாக்களித்துவிட்டுப் போயிருந்தால், தேர்தல் நடத்தை விதிகளின் 49பி விதிப்படி ஒரு வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கி உங்கள் வாக்கைப் பதிவு செய்திருக்கலாம். இப்போது அந்த நாள் கடந்துவிட்டது. ஆனால் அடுத்த முறை உங்களுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ இப்படி நேர்ந்தால், வாசலிலிருந்தே திரும்பாமல், இந்த மூன்றில் எது என்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடமே கேளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தவரையில், நீங்கள் ஊரில் இல்லாததைக் காரணம் காட்டிப் பெயர் நீக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் எனக்கு உண்மையில் மனவருத்தம் தரும் விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 22-ஆவது பிரிவில், ஒருவர் தொகுதியில் குடியிருக்கவில்லை என்று கூறிப் பெயரை நீக்கும் முன், அவர் தம் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு அளிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் நீக்க முனையும் அலுவலர் எவ்வளவு கவனமாக நடந்துகொள்ள வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றமும் 1995-இல் லால் பாபு உசேன் வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. நடைமுறையில், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தில் விசாரித்து, ‘இங்கே இல்லை’ என்று குறித்துக்கொண்டு போனதோடு விஷயம் முடிந்துபோகிற இடங்கள் உண்டு. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த தொழிலாளர்களே இதில் அதிகம் அடிபடுகிறார்கள் என்பது என்னிடம் வரும் கட்சிக்காரர்களைப் பார்த்து நான் அறிந்தது. நீக்கல் உத்தரவுக்கு எதிராக 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதன்பின் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் செல்லலாம் என்பது சட்டம். உத்தரவே கைக்கு வராதவர் 15 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவார்? இவ்வளவு காலத்துக்குப் பிறகு உங்களை மேல்முறையீட்டுக்கு அலைய நான் சொல்ல மாட்டேன். மீண்டும் பதிவு செய்துகொள்வதே சுருக்கமான வழி. ஆனாலும் என்ன காரணத்தால், எந்த நாளில், எந்த விசாரணையின் பேரில் பெயர் நீக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் ஒரு மனு போடுங்கள். நாளைக்கு அதே தெருவில் இன்னொருவர் பெயரை நீக்க வருபவர் சற்று யோசிப்பார்.

அடுத்து, எந்த ஊரில் பதிவு செய்வது. சொந்த வீடு ஊரில் இருப்பதால் வாக்கும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒன்றினால் மட்டும் ஒருவர் அங்கே ‘வழக்கமாகக் குடியிருப்பவர்’ ஆகிவிட மாட்டார் என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. அதே பிரிவு, தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் மட்டும் ஒருவருடைய குடியிருப்பு அற்றுப்போகாது என்றும் சொல்கிறது. அறுவடைக்கோ செங்கல் சூளைக்கோ மூன்று மாதம் போய்வருகிறவருக்கு இந்த இரண்டாவது வாசகம் பொருந்தும். 11 ஆண்டுகளாகத் திருப்பூரில் அடுப்பு மூட்டி, மகளை வளர்த்து, பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மட்டும் ஊருக்குப் போய்வருகிற உங்களுக்கு முதல் வாசகம்தான் பொருந்தும். உங்கள் வாக்கு சட்டப்படி திருப்பூரில்தான் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, தெருச் சாக்கடை எப்படி இருக்கிறது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டிய மாமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினரும் இங்கே இருப்பவர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஊரில் உங்கள் வாக்கு இல்லாமல் போகும் என்பது உண்மைதான். அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வாக்கு மாறினால் ஊரில் இருக்கும் வீட்டின் மீதோ நிலத்தின் மீதோ உரிமை போய்விடும் என்ற பயம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் சட்டத்தில் தொடர்பே இல்லை.

எந்தப் படிவம் என்பதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள், அதனால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். முதலில் உங்கள் அட்டையில் உள்ள எண்ணைக் கொண்டு தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ, 1950 என்ற தொலைபேசி எண்ணிலோ, பட்டியலில் பெயர் இன்று எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். பெயரைக் கொண்டு தேடாதீர்கள். ஓர் எழுத்துப் பிசகியிருந்தாலும் கிடைக்காது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் கணக்கெடுப்புப் படிவம் திரும்பி வராதவர்களின் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை என்பதால், உங்களுடையது மட்டுமல்லாமல் அப்பா, தம்பி பெயர்களையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். உங்கள் பெயர் இன்னும் ஊர்ப் பட்டியலில் இருந்தால் நீங்கள் தர வேண்டியது குடியிருப்பு மாற்றத்துக்கான படிவம் 8. அதன்படி பழைய இடத்தில் நீக்கமும் புதிய இடத்தில் சேர்ப்பும் நடக்கும். எங்குமே இல்லை என்றால் மட்டும் படிவம் 6. பெயர் ஊரில் இருப்பது தெரிந்தும், இல்லை என்று எழுதிக்கொடுத்துப் புதிதாகப் பதிவு செய்வது இரு தொகுதிகளில் பெயர் வைத்திருப்பதாகும். அதை 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடுக்கிறது, பொய்யான உறுதிமொழிக்கு 31-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மறுப்பது திருப்பூரில் பலருக்கும் இருக்கும் தொல்லை. பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் ஏற்கப்படும் சான்றுகளில் ஒன்று, அவ்வளவே. இந்த முகவரியில் உள்ள ஆதாரோ வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகமோ போதும். எந்தக் காகிதமும் இல்லை என்றாலும் விண்ணப்பத்தை வாங்க மறுக்கக் கூடாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து விசாரித்து முடிவு செய்ய வேண்டும். நடைபாதையில் உறங்குகிற வீடற்றவர்களுக்கே, அவர்கள் அங்கே உறங்குகிறார்களா என்று அலுவலர் இரவில் சென்று பார்த்துப் பெயர் சேர்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். வாடகை வீட்டில் இருக்கும் உங்களிடம் காகிதம் இல்லை என்று கதவைச் சாத்த முடியுமா? வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் எந்தப் பெயரும் சேராது. விசாரணைக்கும் நாள் வேண்டும் என்பதால் தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டியது உங்கள் கம்பெனியின் கடமை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது.

அப்பாவைப் பற்றி உறவினர் சொன்னது தவறு. மனநலமின்மை ஒரு தகுதியிழப்புக் காரணம் என்பது சரி. ஆனால் சட்டம் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தே வைக்கிறது: ஒருவர் மனநலம் இல்லாதவராக இருக்க வேண்டும், அதோடு அதற்குரிய அதிகாரம் உள்ள நீதிமன்றம் அவரை அவ்வாறு அறிவித்திருக்கவும் வேண்டும். மருத்துவர் சீட்டோ, உறவினர் அபிப்பிராயமோ, அலுவலரின் கணிப்போ நீதிமன்ற அறிவிப்பு ஆகாது. முதுமையில் வரும் மறதிக்காக எவரும் உங்கள் அப்பாவின் பெயரில் கைவைக்க முடியாது. 85 வயதைத் தாண்டியவர் என்பதால், தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் படிவம் 12டி கொடுத்தால், தேர்தல் அலுவலர்கள் வீட்டுக்கே வந்து தபால் வாக்குச்சீட்டில் அவருடைய வாக்கைப் பெற்றுச் செல்வார்கள். அப்படி ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு வாக்குச்சாவடிக்குப் போய் வாக்களிக்க முடியாது.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பார்வையின்மையாலோ உடல் இயலாமையாலோ சின்னத்தைக் கண்டுகொள்ளவோ பதிவு செய்யவோ முடியாதவருக்கு ஒரு துணையாள் உதவலாம். மறதிக்கு அது பொருந்தாது. அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும் நேரத்தில் வேட்பாளர் பெயர்களைப் படித்துச் சொல்லுங்கள், எதற்கு என்று அவரே காட்டட்டும். அன்றைக்கு அவருக்கு எதுவும் பிடிபடவில்லை என்றால், வாக்கு வீணாகிறதே என்று நீங்கள் அவர் கையைப் பிடித்துப் போடாதீர்கள். போடாமல் விடுவதும் அவருக்கு உரியதுதான்.

தம்பி விஷயத்தில்தான் நான் உங்களுக்குக் கசப்பான பதிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் சிறையில் இருக்கும்வரை வாக்களிக்க முடியாது. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, தண்டனையின் பேரிலோ வேறு வகையிலோ சிறையில் அடைக்கப்பட்டிருப்பவரும் போலீஸ் காவலில் இருப்பவரும் வாக்களிக்கக் கூடாது என்கிறது. ‘வேறு வகையிலோ’ என்ற அந்தச் சொற்களுக்குள்தான் ரிமாண்டில் இருப்பவர்கள் எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். உச்ச நீதிமன்றம் 1997-இல் அனுகூல் சந்திர பிரதான் வழக்கில் இந்தத் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அத்தனை கைதிகளையும் வாக்களிக்கச் செய்ய வேண்டிய காவல் ஏற்பாடுகளும், குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தல் களத்திலிருந்து விலக்கி வைக்கும் நோக்கமும் அதில் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவன் நான். ஆனாலும் இந்தச் சட்டம் நியாயமானது என்று என்னால் உங்களிடம் சொல்ல முடியவில்லை. கொலை வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு ஜாமீனில் வெளியே இருப்பவர் வரிசையில் நின்று வாக்களிக்கிறார். குற்றமே நிரூபிக்கப்படாத உங்கள் தம்பி, ஜாமீன் கிடைத்தும் இரண்டு நபர் ஜாமீன்தாரர்களைக் கொண்டுவர வழியில்லாமல் உள்ளே இருந்தால்கூட வாக்களிக்க முடியாது. குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலில் மட்டும் இருப்பவருக்கு இந்தத் தடை பொருந்தாது, அவர் தபால் வாக்கு கேட்கலாம். ரிமாண்டில் இருப்பவர் கேட்க முடியாது. 2013-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு சிறையில் இருப்பவர் வாக்காளர் என்ற தகுதியை இழப்பதில்லை, எனவே அவர் சிறையிலிருந்தபடியே வேட்பாளராக நிற்கலாம். தனக்குத் தானே வாக்களிக்க மட்டும் முடியாது. இதைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம். விசாரணைக் கைதிகளையாவது இந்தத் தடையிலிருந்து விலக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தத் திருத்தத்தால் உங்களுக்கு உடனடிப் பயன் ஒன்று உண்டு. சிறையில் இருக்கிறார் என்ற காரணத்தால் தம்பியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது. விசாரணைக்கு யாராவது வந்தால், காவலில் இருக்கிறான், குடியிருப்பு இதே வீடுதான் என்று அப்பாவோ மற்றவர்களோ தெளிவாகச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு ‘வெளியூர் போயிட்டான்’ என்று சொன்னால் பெயர் போய்விடும். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் ஜாமீனில் வந்தாலும் அவர் வாக்களிக்கலாம். ஒருவேளை வழக்கில் தண்டனையே ஆனாலும், அதை அனுபவித்து முடித்து வெளியே வந்தபின் வாக்கு அவருக்கு உண்டு. தண்டனை பெற்றவர் இத்தனை ஆண்டு தேர்தலில் நிற்கக் கூடாது என்ற விதியை வாக்களிக்கும் உரிமையோடு சேர்த்துப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வெளியே வந்த பிறகும் வாக்கைப் பறிக்கும் ஆறாண்டுத் தடை, ஆள்மாறாட்டம், தேர்தல் லஞ்சம் போன்ற சில தேர்தல் குற்றங்களுக்கு மட்டுமே உரியது. உங்கள் தம்பியின் வழக்கு அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

மகளுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. முன்பு ஜனவரி 1 ஒன்றே தகுதி நாளாக இருந்தது. மே மாதத்தில் 18 நிறைகிறவர் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள் இருப்பதால், அவருக்கு ஜூலை 1 பொருந்தும். 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். விடுதியில் இருப்பதால், கல்லூரியில் உறுதிச் சான்று வாங்கிக் கோவையில் பதிவு செய்வதா, பெற்றோர் வீட்டு முகவரியில் திருப்பூரில் பதிவு செய்வதா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம், ஏதேனும் ஓரிடம்தான். திருப்பூர் என்று அவர் சொன்னால், உங்கள் படிவத்தைக் கொடுக்கப் போகும் அன்றே அவருடையதையும் பிறப்புச் சான்றின் நகலுடன் சேர்த்துக் கொடுத்துவிட்டு, இரண்டுக்கும் தனித்தனியாக ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.